கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டுப் படித்தால் என்ன மிஞ்சும்?

டெக்சாஸ் மாநிலத்தில் இதுவரை தூண்டிலில் பிடிபட்ட லார்ஜ்மவுத் பேஸ் என்ற நன்னீர் மீன்களில் பெரியது 18.18 பவுண்டு, கிட்டத்தட்ட எட்டேகால் கிலோ. 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க் ஏரியில் பாரி செயின்ட் கிளேர் என்பவர் பிடித்தார். அன்றைக்கு அவர் பேஸுக்காகப் போகவே இல்லை. கிராப்பி என்ற சின்ன மீனுக்காக, உயிருள்ள பொடிமீனை முள்ளில் மாட்டிப் போட்டிருந்தார். உலக சாதனையை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் ஜார்ஜ் பெர்ரி. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனைப் பிடித்தார். அவர் போட்டது செயற்கை இரைதான். ஆனால் அது எந்த மாடல் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. இன்னொருவர் மனாபு குரிட்டா. 2009 ஜூலையில் ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்தார். அவருடைய இரை உயிருள்ள புளூகில் மீன்.

புதிதாகத் தூண்டில் வாங்க வருகிறவர்களிடம் நான் பேச்சை இப்படித்தான் ஆரம்பிப்பது. கடையில் கூரை வரை தொங்கும் நூற்றுக்கணக்கான இரைகளைப் பார்த்ததும், இதில் ஏதோ ஒன்றில்தான் ரகசியம் இருக்கிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை ஊட்டி வளர்ப்பதில் மீன்பிடிப்பு எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அந்த எழுத்தில் இருப்பவன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பல வருடங்களாகக் குடியிருக்கிறேன். வாரக் கடைசியில் லூயிஸ்வில் ஏரி, ரே ராபர்ட்ஸ் ஏரி; நாள் முழுக்க நேரம் கிடைத்தால் கிழக்கே லேக் ஃபோர்க். இங்குள்ள சிறிய தூண்டில் சங்கம் ஒன்று மாதாமாதம் நாலு பக்கத் தாள் அச்சடித்து உறுப்பினர்களுக்கும் ஏரிக்கரைக் கடைகளுக்கும் கொடுக்கிறது. அதில் படகு இல்லாமல் கரையிலிருந்து மீன் பிடிப்பவர்களுக்கான பத்தியை எழுதுகிறேன். சம்பளம் கிடையாது. படிப்பவர்களும் சில நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவ்வளவு சின்ன இடத்துக்கே கம்பெனிகள் தேடி வருகின்றன.

முதலில் வந்தது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பல நிறங்களில் பிளாஸ்டிக் புழுக்கள், கூடவே ஒரு கடிதம். மாதம் ஒருமுறையாவது பத்தியில் பெயர் வர வேண்டும், பிடித்த மீனோடு புழு தெரியும்படி படம் எடுக்க வேண்டும், வாசகர்களுக்கு ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுக்க வேண்டும், அந்தக் குறியீட்டில் விற்பனையானால் எனக்கு ஒரு பங்கு. கடைசி வரி: பொருளைப் பற்றிக் குறையாக எதுவும் எழுதக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் நான் பேசித் தீர்த்திருப்பேன். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தாளின் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பேச்சு குறைவு. "இலவசமாக வந்தது என்று முதல் பத்தியிலேயே போடு, பார்த்ததை எழுது" என்றார். அப்படியே எழுதினேன். புழு நன்றாக ஆடுகிறது, ஆனால் இரண்டு மீன் கடித்தால் தலைப்பக்கம் கிழிந்துவிடுகிறது என்று போட்டேன். அந்தக் கம்பெனியிடமிருந்து அப்புறம் எதுவும் வரவில்லை.

இந்தத் தொழில் எப்படி உருவானது என்று தெரிந்தால் யார்மேலும் கோபம் வராது. ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967-இல் அர்கான்சாவின் பீவர் ஏரியில் ஒரு போட்டி நடத்தினார். அதிலிருந்துதான் பேஸ் மீன்பிடிப்பு ஒரு தொழில்முறைப் போட்டியாக வளர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய சங்கத்துக்கு ஒரு பத்திரிகையும் வந்தது. போட்டி, பத்திரிகை, படகு, மோட்டார், இரை எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டே வளர்ந்தன. போட்டியாளர்களுக்கு நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்குமிடம், படகு என்று செலவு மலைபோல இருக்கும். பரிசு சிலருக்குத்தான். மீதிப் பேர் விளம்பரதாரர் பணத்தில்தான் ஓட்டுகிறார்கள். அப்படி இருக்கும்போது ஒரு போட்டியாளர் மேடையில் தன் விளம்பரதாரரின் இரையைத் தூக்கிக் காட்டுவது அவருடைய வேலை. படிப்பவருக்கும் அது வேலை என்று தெரிந்திருந்தால் போதும்.

'புரோ ஸ்டாஃப்', அதாவது ஒரு கம்பெனிக்காகப் பேசும் தூண்டில்காரர், என்று சட்டையில் குத்தியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பல படிகள் உண்டு. மேல்படியில் சம்பளம் வாங்குபவர்கள் மிகச் சிலர். அதற்குக் கீழே இலவசப் பொருள் வாங்குபவர்கள். கடைசிப் படியில், கடை விலையில் கொஞ்சம் தள்ளுபடி மட்டும் வாங்கிக்கொண்டு, காசு கொடுத்தே வாங்கி, அதற்கு விளம்பரமும் செய்துகொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள். சட்டையில் எழுத்து எல்லோருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் இதற்கு விதியும் உண்டு. ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு அமைப்பு, பொருள்களைப் பரிந்துரைப்பவர்களுக்காக வைத்திருக்கும் வழிகாட்டி 2009-இல் திருத்தப்பட்டபோது இணையத்தில் எழுதும் தனிநபர்களும் அதற்குள் வந்தார்கள். 2023-இல் மறுபடி புதுப்பித்தார்கள். சாரம் இதுதான்: எழுதுபவருக்கும் விற்பவருக்கும் நடுவே பணமோ, இலவசப் பொருளோ, வேலையோ, உறவோ இருந்து, அதைப் படிப்பவர் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்றால், கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். இலவசப் புழு ஒரு பாக்கெட் என்றாலும் கணக்கில் சேரும். கடைசியில் பொடி எழுத்தில் 'நன்றி' என்று ஒரு பெயரைப் போடுவது சொன்னதாகாது. எங்கள் தாளில் இப்போது ஒவ்வொரு பத்திக்கும் மேலே ஒரு வரி இருக்கும்: எது காசு கொடுத்து வாங்கியது, எது வந்தது, எது கடன் வாங்கியது.

ஆனால் வெளிப்படையாகச் சொல்வதால் மட்டும் ஒரு அறிவுரை நல்லதாகிவிடாது. இலவசமாக வந்தது என்று சொல்லிவிட்டு அரைப்பக்கம் வெறும் புகழ்ச்சி எழுதலாம். அதனால் படிப்பவர் கையில் ஒரு சோதனை இருக்க வேண்டும். நான் செய்வது இது: கட்டுரையில் கம்பெனிப் பெயர்களையும் மாடல் பெயர்களையும் பென்சிலால் அடித்துவிட்டுத் திரும்பப் படிப்பது.

ஏப்ரலில் ஃபோர்க் ஏரியைப் பற்றி இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: "இன்ன கம்பெனியின் இன்ன புழுவைப் போட்டேன், மீன்கள் விடவே இல்லை, பையில் இது இல்லாமல் ஏரிக்குப் போகாதீர்கள்." பெயரை அடித்துவிட்டால் இதில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று: "தண்ணீர் 64 டிகிரி ஃபாரன்ஹீட். இரண்டு நாளாகத் தெற்குக் காற்று. மேல்தண்ணீரின் வெதுவெதுப்பை அது வடகரைக்குத் தள்ளியிருந்தது. ஓடை ஏரியில் சேரும் மூலையில் இடுப்பளவு ஆழம், லேசான கலங்கல். ஐந்து அங்குல நேர்ப்புழு, ஈயம் எதுவும் இல்லை, முள் நடுவில். எறிந்துவிட்டுத் தூண்டில் நரம்பைத் தளர்த்தி, அடியில் போய் உட்காரும்வரை தொடவில்லை. கொத்துவது கையில் தெரியாது, நரம்பு பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வெயில் ஏறியதும் நின்றுபோனது. அதே இடத்தில் ஸ்பின்னர்பெய்ட்டுக்கு, அதாவது தகடு சுழலும் இரைக்கு, ஒன்றும் வரவில்லை." இதில் அடிக்கப் பெயரே இல்லை. எந்தக் கம்பெனிப் புழுவை வைத்திருப்பவரும் அடுத்த வாரம் போய் முயன்று பார்க்கலாம். எது வேலை செய்யவில்லை என்பதும் இருக்கிறது. எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். தோல்வியைச் சொல்லாத கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

பெயரே வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சில இடத்தில் பெயர் தேவைப்படும். நேர்ப்புழுக்களில் சிலவற்றில் உப்பு அதிகம். அதனால் எடை கூடி வேகமாக இறங்கும், இறங்கும்போது இரண்டு முனையும் நடுங்கும். ஆனால் சீக்கிரம் கிழியும். உப்பு இல்லாத, இழுத்தால் நீளும் வகைகள் பல மீன்களுக்குத் தாங்கும். ஆனால் மெதுவாக இறங்கும், சிலது மிதக்கவே செய்யும். இந்த வித்தியாசத்தைச் சொல்லி ஒரு பெயரைக் குறிப்பிட்டால் அது தகவல். காரணம் இல்லாமல் பெயர் மட்டும் வந்தால் விற்பனை.

நரம்பு விஷயத்தில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். சென்ற வருடம் புதிதாக இங்கே வேலைக்கு வந்த ஒரு தம்பி கடையிலிருந்து போன் செய்தான். "அண்ணே, ஃபுளோரோகார்பன் நரம்பு தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாதாமே, டப்பாவுல போட்டிருக்கு. வெல கூடத்தான், வாங்கிரவா?" என்றான். ஒளி தண்ணீரில் வளையும் அளவு 1.33, ஃபுளோரோகார்பனில் 1.42, நைலானில் 1.5-க்கு மேல். ஆக, நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கம் என்பது உண்மை. தெரியவே தெரியாது என்பது உண்மை இல்லை. டப்பாவில் பெரிதாகப் போடாத விஷயம்தான் மீன் பிடிக்கிறவருக்கு வேண்டியது. ஃபுளோரோகார்பன் தண்ணீரைவிட நல்ல கனம், அடர்த்தி 1.78 அளவுக்கு வரும், அதனால் மூழ்கும். அடியில் இழுக்கும் இரைக்கு அது நல்லது. மேல்தண்ணீரில் மிதக்கும் இரைக்குப் போட்டால் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். முடிச்சை நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் பலவீனமாகிவிடும். இதையெல்லாம் சொன்னேன். "உனக்கு இப்போ பத்து பவுண்டு தாங்குற நைலானே போதும்டா" என்றேன். அதையே வாங்கினான்.

நிறங்களிலும் இதே கதை. ஒரே புழு நாற்பது நிறத்தில் தொங்கும். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பேஸின் பார்வையைச் சோதித்திருக்கிறார்கள். அதன் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டு வகை: ஒன்று பச்சைக்கு, இன்னொன்று சிவப்புக்கு. அந்த இரண்டு நிறத்தையும் நன்றாகவே பிரித்து அறிகிறது. ஆனால் பளிச்சென்ற மஞ்சளுக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் தடுமாறுகிறது. கறுப்பும் நீலமும் கலந்த ஜிக், அதாவது ஈயத்தலை முள் இரை, இங்கே காலங்காலமாக விற்கிறது, நானும் போடுகிறேன், மீனும் வருகிறது. அதில் அந்த நீலம் எனக்காகவா மீனுக்காகவா என்ற கேள்வியை அந்த ஆய்வு கிளப்பிவிட்டது. ஆய்வு நடந்தது தொட்டியில். ஏரியில் கலங்கல், ஆழம், மேகம் எல்லாம் சேரும். இருந்தாலும் நான் புதியவர்களுக்குச் சொல்வது: இலைப்பச்சை கலந்த பழுப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று. தெளிந்த தண்ணீருக்கு முதலாவது, கலங்கலுக்கு இரண்டாவது. மீதி முப்பத்தெட்டு நிறத்துக்கான காசில் பெட்ரோல் போட்டு இன்னும் பல தடவை ஏரிக்குப் போகலாம்.

நிஜமாகவே புதிதாக, நிஜமாகவே வேலை செய்யும் பொருளும் வரத்தான் செய்கிறது. 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் இலாயஸ் ஒரு பெரிய போட்டியை வென்றார். ஆண்டி பாஸ் என்பவர் செய்த 'அலபாமா ரிக்' அவர் கையில் இருந்தது: ஒரு தலையிலிருந்து ஐந்து கம்பிகள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு இரை, பார்க்க ஒரு சிறு மீன்கூட்டம். அந்தச் செய்தி பரவிய வேகத்தில் பொருள் எங்கேயும் கிடைக்கவில்லை. ரே ஸ்காட் தொடங்கிய சங்கத்தின் பேஸ்மாஸ்டர் போட்டிகளில், மேல்தட்டுத் தொடரில் அடுத்த பருவத்துக்கே அதைத் தடை செய்தார்கள். அதாவது வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலருக்கு அது எடை தாங்கும் கனமான கோலும் தடித்த நரம்பும் கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஃபோர்க் ஏரியில் அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அங்கே ஐந்து முள்ளைக் கரையிலிருந்து எறிந்தால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. ஒரு நரம்பில் இத்தனை முள்தான் என்று சில மாநிலங்களில் வரம்பு உண்டு என்பதும் விட்டுப்போனது. சொன்னதில் பொய் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் மக்கள் காசு போனது. படகின் முன்னால் நிற்கும் மீனை நேரடியாகக் காட்டும் சோனார் கருவிகளுக்கும் இன்று இது பொருந்தும். ஆயிரக்கணக்கில் டாலர் போகும், கரையில் நிற்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

சரி, யார் சொல்வதை நம்புவது? விற்க எதுவும் இல்லாதவர்களிடம் முதலில் போகலாம். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் உயிரியலாளர்கள் ஏரிகளில் மின்சாரம் பாய்ச்சி மீன்களைச் சிறிது நேரம் மயக்கி, அளந்து, எண்ணி, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்த ஏரியில் எந்த அளவு மீன் அதிகம், என்ன தின்கிறது, தண்ணீர்ச்செடி எவ்வளவு என்று அதில் இருக்கும். நடை கொஞ்சம் வறட்சிதான், ஆனால் ஒரு பெட்டி நிறைய இரை சொல்லித்தராததை அது சொல்லித்தரும். ஏதென்ஸ் ஊரில் அந்தத் துறையின் நன்னீர் மீன் மையம் இருக்கிறது, டாலஸிலிருந்து ஒரு காலைப் பயணம். கண்ணாடித் தொட்டியில் பெரிய பேஸ் ஒன்று எப்படி அசையாமல் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குழந்தைகளோடு நின்று பாருங்கள்.

அடுத்தது ஏரிக்கரை இரைக் கடைக்காரர். அவரும் விற்பவர்தான். ஆனால் நாம் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். அவரிடம் "எது நல்லா போகுது?" என்று கேட்டால் எது ஸ்டாக்கில் அதிகமோ அது வரலாம். "இந்த வாரம் எது சுத்தமா எடுபடல?" என்று கேளுங்கள். கேட்டதும் பெரும்பாலானவர்கள் உண்மையாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், ஆழம் வரை சொல்கிறார்கள். கோடையில் இன்னொரு கேள்வியும் உண்டு. இங்குள்ள ஆழமான ஏரிகளில் ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் அடுக்காகப் பிரிந்து, கீழடுக்கில் ஆக்ஸிஜன் இல்லாமல் போய்விடும். மீன் அதற்கு மேலேதான் நிற்கும். அந்தக் கோடு எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதைத் தாண்டி ஆழத்துக்குப் பாயும் இரையின் விளம்பரத்தை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

இந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது விதிகளைப் பற்றிய மௌனம். நம் குடும்பங்கள் வார இறுதியில் ஏரிக்குப் போவது மீன் பிடிக்க மட்டுமல்ல, குழம்புக்கும்தான். அதில் தப்பே இல்லை. ஆனால் லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரையுள்ள பேஸ் மீனை எடுத்துப்போகக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். 24-க்கு மேல் ஒன்றுதான் எடுக்கலாம். முட்டையிடும் பெரிய மீன்கள் அந்த ஏரியில் நிலைத்ததற்கு இந்த விதி ஒரு காரணம். மாநிலப் பொதுவிதியில் குறைந்த அளவு 14 அங்குலம், ஒரு நாளைக்கு ஐந்து. இன்ன இரையால் இத்தனை மீன் என்று படம் போடுகிறவர்கள் ஏன் இதை ஒரு வரி சேர்ப்பதில்லை? தெரியாமல் எடுத்துப் போய், கேம் வார்டன் என்ற வனவிலங்கு அதிகாரி நிறுத்தி, குழந்தைகள் முன்னால் அபராதம் எழுதப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். குழம்புக்குக் கிராப்பியும் கெளுத்தியும் பிடியுங்கள். அவற்றுக்கும் அளவு, எண்ணிக்கை உண்டு, போவதற்கு முன் அந்த ஏரியின் விதியைப் பாருங்கள். ருசியும் பேஸைவிட நன்றாகவே இருக்கும்.

வாங்க வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு என் பட்டியல் சின்னது. ஆறரை முதல் ஏழடி நடுத்தர ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல், எட்டு முதல் பத்து பவுண்டு நைலான் நரம்பு, 3/0 வளைந்த முள் ஒரு பாக்கெட், கால் அவுன்ஸ் ஈயக்குண்டு கொஞ்சம், மேலே சொன்ன இரண்டு நிறத்தில் புழு, முள் எடுக்க ஒரு மூக்குக் குறடு, அளவுப்பட்டை, உரிமம். கோலும் ரீலும் சேர்த்து நூறு டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். இதை வைத்து ஒரு வருடம் ஒரே ஏரியில் பிடித்துவிட்டு, அப்புறம் எது போதவில்லையோ அதை மட்டும் வாங்குங்கள்.

கம்பெனிகள் இன்னும் எழுதுகின்றன. நான் அனுப்பும் பதிலில் மூன்று நிபந்தனைகள்: பொருள் வந்தது என்று முதல் வரியில் போடுவேன்; ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகுதான் எழுதுவேன்; எழுதியதை அச்சுக்கு முன்னால் காட்ட மாட்டேன். பெரும்பாலும் அதோடு கடிதப் போக்குவரத்து நின்றுவிடும். ஒரு சிறு தயாரிப்பாளர் மட்டும், வீட்டுக் கொட்டகையில் அச்சு வைத்துப் புழு ஊற்றுபவர், சரி என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி அனுப்பினார்: முள் குத்தும் இடத்தில் எத்தனையாவது மீனுக்குக் கிழிகிறது, தண்ணீர் குளிராக இருக்கும்போதும் அப்படித்தானா? குறிப்பு நோட்டில் பார்த்து எழுதி அனுப்பினேன். இந்தக் கோடையில் அவருடைய புதுப் பிளாஸ்டிக் கலவையும் பழையதும் ஒரே பெட்டியில் வந்திருக்கின்றன. எது எது என்று உறையில் எழுதவில்லை, கேட்டதற்கு அக்டோபரில் சொல்கிறேன் என்றார்.